இரண்டாவது நகர்வில் ராஜா

உன் முகம் பதித்த கோப்பை இப்போது என் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் நிற்கிறது. வயிறு எரிகிறதா? நன்றாக எரியட்டும், மச்சான்.

சிட்லபாக்கத்தில் உன் வீட்டு மாடியில் எத்தனை மாலைகள் செஸ் ஆடியிருப்போம்! காய் கோணலாக நின்றால் என் கை சும்மா இருக்காது, நேராக்கி வைப்பேன். போட்டியில் அதற்கு முன் "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தொட்டால் அந்தக் காயைத்தான் நகர்த்தியாக வேண்டும். உன் வீட்டில் நாம் அதையெல்லாம் பார்த்ததே இல்லை. அந்தப் பழக்கம்தான் தாம்பரம் போட்டியில் என்னைக் கவிழ்த்தது. கடைசிச் சுற்று, எதிரே நீ. ராஜாவுக்கு முன் நின்ற சிப்பாயை ஆளுக்கொரு முறை நகர்த்தியிருந்தோம். என் முறை வந்ததும், கோணலாக நின்ற என் ராஜாவை நேராக்கினேன்.

நீ கை தூக்கினாய். "சார், ராஜாவைத் தொட்டுட்டான்."

"டேய், நேராதான்டா வெச்சேன்!"

"ரூல்னா ரூல்தான்டா."

நடுவர் உன் பக்கம். பின்னால் பத்திரமாக இருக்க வேண்டிய என் ராஜா, இரண்டாவது நகர்விலேயே சிப்பாய்களின் வரிசைக்கு வந்து நின்றது. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். மாவட்ட அணியில் மிச்சமிருந்த ஓர் இடம் உனக்குப் போனது. தோற்றதைக்கூட மன்னித்திருப்பேன். அதன்பின் கல்யாண வீடுகளில், "ராஜாவை வாக்கிங் கூட்டிட்டுப் போனவரு இவருதான்" என்று என்னை அறிமுகப்படுத்தினாயே, அதை மன்னிக்கவே மாட்டேன்.

அன்றிலிருந்து அந்தக் கேவலமான தொடக்கத்தையே உட்கார்ந்து படித்தேன். அதே நகர்வை வேண்டுமென்றே ஆடி, நாலு பேர் முன்னால் உன்னைத் தோற்கடிக்க வேண்டும். கூப்பிட்டபோதெல்லாம் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா" என்றாய். மாரடைப்பு வந்து, தோற்காமலே தப்பித்துக்கொண்டாய். உன் சாவுக்கு நான் அழுததில் பாதி ஆத்திரம்.

போன மாதம் உன் நினைவாக உன் மனைவி ஒரு போட்டி நடத்தினார். மேடையில் மாலை போட்ட உன் படம். கடைசி ஆட்டத்தில், இரண்டாவது நகர்வாக ராஜாவை எடுத்து முன்னால் வைத்தேன். எதிரே இருந்த பெருங்களத்தூர்க்காரர் பதறினார்.

"சார், தெரிஞ்சுதான் ஆடுறீங்களா?"

"இது உங்களுக்கில்ல சார், அவனுக்கு" என்று உன் படத்தைக் காட்டினேன். ஜெயித்தேன்.

கோப்பை வாங்க மேடை ஏறியபோது உன் படம் கோணலாக இருந்தது. கை தானாகப் போனது. தொடுவதற்கு முன், மண்டபமே கேட்கும்படி "அட்ஜஸ்ட்" என்றேன். வீட்டில் கோப்பையைத் துடைக்கும்போதும் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறேன். உன்னை நம்ப முடியாது, மச்சான். இப்போதும் கை தூக்கிவிடுவாய்.