டி டிரைவில் ஒரு வீடு

1 ஜூலை 2025, செவ்வாய்
கடையநல்லூர் இன்ஜினியர் ரூபியா மேடம் போன் செய்தார். வெள்ளிக்கிழமைக்குள் புளியங்குடியில் கட்டப்போகும் ஒரு வீட்டுக்குப் பிளான் வரைந்து அனுப்ப வேண்டும். பிடித்துவிட்டால் வீட்டிலிருந்தே எனக்கு வேலை. பாப்பா பிறந்த பிறகு நான் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. "செஞ்சு தாரேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன்.
பழைய லேப்டாப்பைத் திறந்தால், வரைகிற சாஃப்ட்வேரை ஏற்ற சி டிரைவில் இடமில்லையாம்.

2 ஜூலை
வீட்டுக்காரர் லேப்டாப்பை சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும், வாரக் கடைசி ஆகிவிடும் என்றார்களாம்; திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.
"விட்டுரு ட்டி, அடுத்த தடவ பாத்துக்கிடலாம்."
அடுத்த தடவ யாரு தருவா? பாலிடெக்னிக்ல படிச்சதெல்லாம் எதுக்கு, பாத்திரம் தேய்க்கவா?
கோபத்தில் சாப்பிடவில்லை. லேப்டாப்பையே நோண்டிக்கொண்டிருந்தேன். டி டிரைவ் முக்கால்வாசி காலி! பாப்பா போட்டோக்கள் மட்டும்தான் கிடக்கின்றன. அங்கே ஏற்றினால் என்ன?

3 ஜூலை
எங்கே ஏற்றுவது என்று கேட்ட இடத்தில் சி-யை அழித்துவிட்டு டி என்று அடித்தேன். பாதி ஓடி நின்றது. மறுபடியும் 'சி டிரைவில் இடமில்லை'. ஏலே, டிக்குத்தானே போகச் சொன்னேன்?
அப்புறம்தான் புரிந்தது. எங்கே ஏற்றினாலும், மூட்டையைப் பிரித்துப் போட முதலில் சி-யில்தான் இடம் தேடுகிறது. அப்படிப் பிரித்துப் போடுகிற டெம்ப் ஃபோல்டரையும் டிக்கு மாற்றினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். சாமி கும்பிட்டுக்கொண்டே மறுபடி ஏற்றினேன்.
ஏறிவிட்டது! வரைவதற்கான கறுப்புத் திரை, நடுவில் கூட்டல் குறி. பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.
"என்னட்டி, லாட்டரி விழுந்துட்டா?"
"அதுக்கும் மேல!"

4 ஜூலை
அனுப்பியாயிற்று. விரலெல்லாம் வலி. என்ன சுகமான வலி!

6 ஜூலை, ஞாயிறு
ரூபியா மேடம்: "அடுப்படிக்கு ரெண்டு சன்னல் வச்சிருக்கீங்களே, நான் சொல்லலையே?"
பயந்துகொண்டே சொன்னேன்: "நான் சமைக்கிறவ மேடம்."
சிரித்தார். "அப்படியே இருக்கட்டும். இன்னும் ரெண்டு வீடு இருக்கு, அனுப்புதேன்."

21 ஆகஸ்ட்
புளியங்குடியில் இன்று அந்த வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். மேடம் வரச் சொன்னதால் நாங்களும் போயிருந்தோம். மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் கோடு இழுத்திருந்தது. கொத்தனார் மூக்காண்டி அண்ணாச்சி பிளானை விரித்து, "தம்பி, அடுப்படி எங்கன வருது?" என்று இவரிடம் கேட்டார்.
"எனக்கு என்ன தெரியும்? வரைஞ்சவ அவ."
அண்ணாச்சி தாளை என் பக்கம் திருப்பினார். பாப்பாவை இவர் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோட்டுக்குள் இறங்கினேன்.