ராசு பெயர் வெட்டிய தட்டு

கீரமங்கலம்
21-8-1964

அன்புள்ள அத்தானுக்கு, சொர்ணவல்லி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் பிள்ளையும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்தில் இன்னும் இரண்டு சிலைக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். டாக்டர் கொடுத்த மருந்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் பயம் வேறு.

சீனச் சண்டையில் செத்த ராசுவுக்கு நீங்கள் செய்த சிலையை ஊர் இன்னும் விடவில்லை. உலையில் உருக்கி ஊற்றுகிற சிலையென்றால் ஆளாளுக்குப் பாத்திரம் கொண்டுவந்து போடுவார்கள். உங்கள் வேலையில் உலையே கிடையாது. பித்தளைத் தூளைப் பிசினில் குழைத்து, அச்சில் பூசி, இறுகியதும் எடுத்துவிடுவீர்கள். ஊரார் பாத்திரத்தோடு வந்து நின்ற அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை கைவிட்டுப் போகும் என்று வாயை மூடிக்கொண்டீர்கள். ராசுவைப் பெற்ற காத்தாயி அக்கா, மகன் சாப்பிட்ட பித்தளைத் தட்டைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் பாத்திரத்தையெல்லாம் திருப்பி அனுப்பிய நீங்கள் அதை மட்டும் இரண்டு கையாலும் வாங்கி, "நெஞ்சுக்குள்ளயே வச்சிர்றேன்க்கா" என்றீர்கள். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன்.

போன மாதம் ஊர்க்காரியம் பார்க்கிற நல்லதம்பி, மோதிரம் போட்ட விரலால் சிலையைத் தட்டிப் பார்த்தார். வெண்கல ஓசை இல்லை. மரத்தைத் தட்டினாற்போல இருந்தது. சிலை செய்தவன் தட்டை விழுங்கிவிட்டான் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. நீங்கள் ஊரில் இல்லை, என்னைக் கூப்பிட்டார்கள். அய்யனார் கோயில் வாசலில் சூடம் கொளுத்தி, தட்டு சிலைக்குள்தான் இருக்கிறது என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தேன். இடுப்பில் பிள்ளை இருந்தது. உங்களை நம்பித்தான் அணைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மழையில் பட்டறைக் கூரை ஒழுகியது. நீங்கள் அச்சு எடுக்கக் குழைக்கிற மாவு மூட்டையை நனையாமல் நகர்த்தினேன். அடியில் உங்கள் பழைய துண்டில் சுற்றி அந்தத் தட்டு இருந்தது. விளிம்பில் ராசு என்று பெயர் வெட்டியிருக்கிறது.

நீங்கள் அதை விற்கவில்லை, திருடவில்லை. மறந்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. அரை நாள் உட்கார்ந்து அரம் போட்டிருந்தால் ஒரு கைப்பிடித் தூள் கிடைத்திருக்கும். அதைப் பிசினில் கலந்திருந்தால் நான் செய்தது பொய்ச் சத்தியம் ஆகியிருக்காது. மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல்தான் என்று டாக்டர் சொல்கிறார். அவர் சூடம் அணைக்கவில்லையே.

காத்தாயி அக்கா தினமும் சாயங்காலம் சிலையடிக்கு வருகிறது. நெஞ்சைத் தடவிக்கொண்டே நிற்கிறது. நேற்று என்னைப் பார்த்து, "எம்புள்ள தட்டு இங்கிட்டுத்தான இருக்கு, வல்லி?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். கோயிலில் தெரியாமல் சொன்னேன். நேற்று தெரிந்தே சொன்னேன்.

இனி என்னால் முடியாது. கிடைக்கிற ரயிலில் புறப்பட்டு வாருங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் இப்போதும் சாமியைக் கும்பிடுகிறேன். தட்டைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் வருகிற அன்று அதில்தான் சோறு போடுவேன். சாப்பிட முடிந்தால் சாப்பிடுங்கள். முடியாவிட்டால் அதை எடுத்துக்கொண்டுபோய் அக்கா கையில் நீங்களே கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
சொர்ணவல்லி