கூட்டித் துடைத்த கரிமுற்றம்

அண்ணை,

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே இறைச்சி சுட்டு விற்கும் கடையொன்று வந்திருக்கிறது. நேற்றுப் பின்னேரம் அதன் புகை சன்னலால் ஏறியபோது உங்கள் காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது. அங்கே எரிவது சிரட்டைக்கரி. நாம் இழுத்தது கப்பலில் வந்த நிலக்கரி. என்ன செய்வது, என் மூக்கும் என்னைப்போல எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது.

நீங்கள் போய் ஒரு மாதமாகிறது.

துறைமுகத்திலிருந்து என்ஜின் ஷெட்டுக்குக் கரி கொண்டுபோன அந்தச் சின்னப் பாதையில் நீங்கள் டிரைவர், நான் கொடி காட்டுகிறவன். உங்கள் அப்பா காலத்தில் கரிப்பெட்டிகள் ஓயாமல் ஓடுமாம். கொட்டாஞ்சேனையில் வெள்ளை வேட்டி காயப்போட ஒருவரும் துணியமாட்டார்களாம். நான் சேர்ந்தபோது டீசல் வந்துவிட்டது. நாளுக்கு ஒரு கரிக்கோச்சிதான் ஓடியது, பிறகு கிழமைக்கு ஒன்று.

பாதையை மூடுவதா என்று பார்க்கப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்றதும் என் மூளை வேலை செய்தது.

"அண்ணை, கரி கொட்டுற முற்றத்தைக் கூட்டி வைப்பம். வடிவா இருந்தால் மூட மனம் வராது."

"பொம்பிளை பார்க்க வாற மாதிரியெல்லோ கதைக்கிறாய்" என்று சிரித்தபடி நீங்களும் விளக்குமாறு எடுத்தீர்கள். இரண்டு நாள் கூட்டிக் கழுவினோம்.

அதிகாரி குனிந்து தரையை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். "கரிமுற்றத்தில கரியைக் காணேல்லை. அப்ப வேலையும் இல்லைத்தானே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

மூடிவிட்டார்கள். ரயில்வேயின் பார்சல் கந்தோரில் ஒரேயொரு மேசை வேலை இருந்தது. மூப்புப்படி அது உங்களுக்கு. என் மகள் பிறந்து பன்னிரண்டு நாள்.

"எனக்கென்னடா, தனி ஆள். நீ போய் இரு. நான் கப்பலில ஏதும் பார்க்கிறன்" என்றீர்கள். கூட்டச் சொன்னது யாரென்று ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

கம்பிவலைக்குப் பின்னால் ஒரு மேசை. ஒரு சன்னல், அதைத் திறந்தால் சுவர். ஓய்வு பெறும்வரை முப்பது வருடம். கப்பலிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் கொச்சிக்கடைத் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து வலைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள்.

"எப்பிடியடா இருக்கு?"

"சொர்க்கம், அண்ணை."

கிருலப்பனையில் மச்சான் கடை போட்டு என்னைக் கூட்டுக்குக் கூப்பிட்டான். விலகல் கடிதம் மூன்று தரம் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். உங்களிடம் என்னவென்று சொல்வது?

போன கிழமை மகள் கேட்டாள்: "அப்பா, அவ்வளவு வெறுத்த வேலையை ஏன் விடேல்லை?"

"பென்ஷன், பிள்ளை."

அவள் நம்பிவிட்டாள். நீங்கள் எழும்பித் தந்த கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? இப்போது நீங்களும் இல்லை, அண்ணை. நான் இன்னும் அதில்தான் இருக்கிறேன்.