ஐம்பத்தைந்துக்கு மேற்பட்டோர் பிரிவு

1995 பிப்ரவரி 4, சனி

காலையில் பனி. எதிர் வீடு தெரியவில்லை. இடது காது அடைப்பு.

ஒரு காரியம் செய்துவிட்டேன். சரியா தவறா தெரியவில்லை. முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன். இந்த மாதம் இங்கே எழுத வேண்டியவை:

1. பெயர் கொடுத்த கதை.
2. நீச்சல். தெரியாது. தண்ணீரென்றால் பயம். பழகினால் பயம் போய்விடும். எல்லாப் பயமும் அப்படித்தான்.
3. சைக்கிள். பழக்கம் உண்டு. பின் பிரேக் மாற்ற வேண்டும்.
4. ஓட்டம். முழங்காலைக் கேட்க வேண்டும்.
5. மனைவி கமலத்திடம் சொல்வது. (கடைசிக்கு.)

1-ஐ இப்போதே எழுதிவிடலாம். எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் தரும் ஜெர்மனி பையர் மாதக் கடைசியில் வருகிறார். வயது ஐம்பத்தெட்டு. ஒரே நாளில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கும் போட்டிகளுக்குப் போகிறவர். ட்ரையத்லான் என்று பெயர். எங்கள் முதலாளி (இனி மு.; சின்ன வயது; எதற்கும் தயங்காதவர்) அவரைச் சந்தோஷப்படுத்த இங்கேயே ஒன்று வைத்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். 26, ஞாயிறு. கம்பெனியின் ஆங்கிலக் கடிதங்கள் என் பொறுப்பு என்பதால் விதிமுறை எழுதும் வேலையும் எனக்கு. வயதுவாரியாகப் பிரித்தேன். கடைசிப் பிரிவு, ஐம்பத்தைந்துக்கு மேல்.

பையர் ஃபேக்ஸில் கேட்டிருந்தார்: என் வயதுக்காரர்கள் உண்டா, தனியாக ஓட விருப்பமில்லை. மு. சொல்ல, நான் டைப் செய்து கையெழுத்திட்டு அனுப்பிய பதில்: பலர் உண்டு.

இன்று பார்த்தால் அந்தப் பிரிவில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

மு. சொன்னார்: "எம்.ஏ. அண்ணா, கவலப்படாதீங்க. வாட்ச்மேனுக்கு ஒரு டவுசரப் போட்டு நிக்க வெச்சுக்கலாம்." (எம்.ஏ. படித்தவன் என்பதால் கம்பெனியில் எனக்கு அந்தப் பெயர்.)

வாட்ச்மேன் ஆஸ்துமாக்காரர். பலர் உண்டு என்று எழுதியது என் கை. என் பெயரைப் போட்டேன். வயது 59. மு. அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "நீச்ச தெரியுமாங்க?"

"பழகிக்கணும்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பிப். 5, ஞாயிறு

வெயில். நொய்யலில் நீந்த முடியாது. சாயக்கழிவு; போன வாரம் பச்சை, இந்த வாரம் ஊதா. காங்கேயம் ரோட்டில் மு.வுக்குத் தெரிந்த பழனியப்பன் என்பவரின் தோட்டத்துக் கிணறு போட்டிக்கு ஏற்பாடாகியிருக்கிறது. கல் கட்டிய பெரிய சதுரக் கிணறு. ஒரு பக்கம் படி. தண்ணீர் தெளிவு, படிகள் உள்ளே இறங்குவது தெரிகிறது, பிறகு தெரியவில்லை. அந்த இடத்தைப் பார்க்காமலிருப்பது நல்லது.

முதுகில் கட்டி மிதக்கலாமென்று சாயப்பட்டறையிலிருந்து காலி பிளாஸ்டிக் கேன் இரண்டு வாங்கிப் போயிருந்தேன். பழனியப்பன் வேலிப் படலைத் திறக்கவே இல்லை.

"அது என்னங்க கையில?"

"மிதக்கறதுக்கு."

"சாயக் கேனுங்களா? அது எங்கெணத்துல எறங்கப்படாதுங்க. சுத்துவட்டாரத்துல சாயம் ஏறாத கெணறு இது ஒண்ணுதான். நீங்க எறங்குங்க சாமி. அது வெளிய இருக்கட்டும்."

கேன்கள் வேலிக்கு வெளியே. லாரி டியூப் ஒன்று கொடுத்தார். நெஞ்சளவு படி வரை இறங்கினேன். கல்லைப் பிடித்த கை கல்லை விடவில்லை. ஏறி வந்துவிட்டேன்.

கமலத்திடம் சொல்லவில்லை. வேட்டி ஏன் ஈரம் என்றாள். வெயில் என்றேன்.

பிப். 7, செவ்வாய்

நூலகத்தில் ஆங்கில நீச்சல் புத்தகம் ஒன்று. படங்கள் நன்று. தரையிலேயே பயிற்சி செய்யலாம் என்கிறது. முக்காலிமேல் குப்புறப் படுத்துக் கைகளை வீசிக் கால்களை உதைத்தேன். கதவைத் தாழிட மறந்தேன். கமலம் முருங்கைக்கீரையோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, என்ன இது?"

"முதுகு வலி."

"முதுகு வலிக்குக் கால எதுக்குங்க ஒதறோணும்?"

சொல்லிவிட்டேன். கடைசிக்கு வைத்திருந்த 5, முன்னாலேயே வந்துவிட்டது. திட்டு விழும் என்று காத்திருந்தேன். கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை. "தவக்கள பாத்தா வெக்கப்படும்."

பிறகு சொன்னாள். மடத்துக்குளத்துப் பக்கம் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் அண்ணன்மார் மோட்டார் ரூம் மேலிருந்து குதிப்பார்களாம். பின்னாலேயே இவளும். கல்யாணமாகி இத்தனை வருடம், எனக்குத் தெரியாது.

"சொன்னதே இல்லையே."

"இந்த ஊருல எங்கீங்க நீந்தறது? தண்ணி லாரியிலயா?"

பிப். 9, வியாழன்

கமலம் தோட்டத்துக்கு வந்தாள். பழைய நூல் சேலையை வாரிச் செருகிக்கொண்டு படியில் நாலு எட்டு. அப்புறம் ஆளைக் காணோம். எதிர்ப் பக்கம் தலை தெரிந்தது. பழனியப்பன் மனைவி படியில் உட்கார்ந்துவிட்டார். "அம்மிணி நம்மூருப் பக்கம்தானாட்ட இருக்குது."

எனக்குக் கிடைத்த போதனைகள்: வயிற்றை எக்கக் கூடாது. மூச்சைப் பிடித்தால் உடம்பு கல்லாகும். கண்ணை மூடக் கூடாது.

"புத்தகத்தில என்ன போட்டிருக்குன்னா…"

"புத்தகத்த அக்கட்டால வையுங்க."

அவள் கை என் வயிற்றுக்கு அடியில். விட்டுவிடமாட்டாயே என்று கேட்டேன். "விட்டாத்தானுங்க வரும்" என்று விட்டாள். வரவில்லை. நிறையக் குடித்தேன். வலது காதிலும் அடைப்பு. சமன்.

ராத்திரி இட்லி வழக்கத்தைவிட எச்சு. வெட்கமில்லாமல் இன்னொன்று கேட்டேன்.

பிப். 14, செவ்வாய்

பின் பிரேக் கட்டை மாற்றியாயிற்று. காங்கேயம் போய்த் திரும்பினேன். சைக்கிளில் குறையில்லை.

ஓட்டம் வேறு மாதிரி. விடியலில் நெருப்பெரிச்சல் கிராமத்து ரோட்டில் ஓடினேன். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, கான்வாஸ் ஷூ. நைட் ஷிப்ட் முடிந்து வருகிற நிட்டிங் பையன்கள் மொபெட்டை நிறுத்துகிறார்கள்.

"ஏறுங்க சாமி. பஸ்ஸ விட்டுட்டீங்களா?"

"இல்லை, ஓடுகிறேன்."

"அதுதானுங்க தெரியுது. எங்க போகோணும்?"

மூன்றாவது மொபெட்டில் ஏறிக்கொண்டேன். மறுத்துப் பேசுவதில் ஓடுவதைவிட மூச்சு வாங்குகிறது. நாளை முதல் டவுசர். டவுசரில் ஓடினால் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று மு. சொல்கிறார். பைத்தியம் என்று ஒதுங்குவார்களாம்.

பிப். 19, ஞாயிறு

டியூப் இல்லாமல் பாதிக் கிணறு. நடுவில் கீழே பார்த்துவிட்டேன். கரும்பச்சை. அடி இல்லை. கத்தினேன் என்று நினைக்கிறேன். கமலம் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தாள். (இருக்கிற கொஞ்சத்தை.)

வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒரு கடிதம். "எதிர்பாராத உடல்நலக் குறைவு காரணமாக." நல்ல ஆங்கிலத்தில் வந்தது. அதைக் கமலத்திடம் சொன்னது தவறு.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. காச்சல்னு பொய் எழுதாதீங்க. பொறகு ஊட்டுக்கு யாராச்சும் பாக்க வந்தா, கஞ்சி வெச்சு உங்களப் படுக்கப் போடறது நாந்தான்."

சரிதான். ஆனால் நான் இறங்காவிட்டால் அந்த மனிதர் ஜெர்மனியிலிருந்து வந்து தனியாக நிற்பார். இறங்கி மூழ்கினால் கம்பெனி முழுவதும் பார்க்கும். இரண்டில் எது கேவலம் என்று நெடுநேரம் யோசித்தேன். முடிவில்லை. பால்காரன் வந்துவிட்டான்.

பிப். 24, வெள்ளி

கடந்தேன்.

கமலம் பக்கத்திலேயே நீந்தி வந்தாள், கத்திரிக்காய் விலை பேசிக்கொண்டு. பதில் சொல்லவே முடியவில்லை. எதிர்க் கல் கையில் பட்டது. பாசி. விரலை முகர்ந்து பார்த்தேன், ஏனென்று தெரியவில்லை. திரும்பி வர முடியவில்லை, டியூப்பை வீசினார்கள். போட்டியில் போய்த் திரும்ப வேண்டும்.

பிப். 25, சனி

பையர் வந்தாயிற்று. நெடிய மனிதர், மரியாதையானவர். என்னைக் காட்டி மு. சொன்னார், இவர்தான் உங்கள் போட்டியாளர். பையர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். வருகிறார்கள் என்றார் மு. நான் ஷூவைப் பார்த்தேன்.

போட்டிக்கென்று கம்பெனியே டி-ஷர்ட் தைத்திருக்கிறது. பருத்தி, கனத்த துணி, ரத்தச் சிவப்பு. நேற்றுத்தான் சாயமேறி வந்து ராத்திரியோடு தைத்தார்களாம். தண்ணீரிலும் எல்லோரும் அதைப் போட்டிருக்க வேண்டும், போட்டோவுக்கு. விதிமுறையில் சேர்க்க மு. சொன்னார். சேர்த்தேன். எனக்கு அதில் ஒரு நிம்மதி, வெறும் உடம்போடு நிற்க வேண்டாம்.

பிப். 26, ஞாயிறு

கை வலி. ஆனாலும் எழுத வேண்டும்.

முதலில் இளைஞர்கள் கிணற்றில் குதித்தார்கள். ஏறி வரும்போது டி-ஷர்ட் முழங்காலைத் தொட்டது. கை நீளம் விரலைத் தாண்டியது. செக்கிங் செக்‌ஷன் பெண்கள் மேட்டில் நின்று "நைட்டி, நைட்டி" என்று ஒரே சிரிப்பு. பருத்தி தண்ணீர் குடிக்கும், நீளும். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. ஒருவருக்கும் தோன்றவில்லை. விதிமுறை எழுதிய எனக்கும்.

அதைவிடப் பெரிது. அவசரச் சாயம், சரியாக அலசாத துணி. கிணறு ரோஸ் மில்க் ஆகத் தொடங்கியது. பழனியப்பன் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க மொதலாளி, இத்தன வருஷமா வேலி போட்டுக் காப்பாத்துன கெணறு. சாயத்த ஆளுங்க மேல போட்டு உள்ள எறக்கிட்டீங்களே."

மு. தடுமாறியதை முதல்முறையாகப் பார்த்தேன். மோட்டார் வைத்து முழுக்க இறைத்துக் கொடுப்பதாகச் சத்தியம் செய்தார். எங்கள் பிரிவு மட்டும் முடியட்டும் என்று கெஞ்சினார். பழனியப்பன் என்னைப் பார்த்தார். "இவருக்காக. அம்மிணி பட்ட பாட்டுக்காக."

பையர் டி-ஷர்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கினார். நான் கழற்றவில்லை. மேட்டில் பெண்கள். வயிறு வேறு.

பாதியில் துணி மேலேறி முகத்தைச் சுற்றியது. கைகள் உறைக்குள் போனதுபோல. கால் கீழே போயிற்று. கமலம் படியில் டியூப்போடு.

"கழட்டுங்க."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

"யாரு பாத்தா என்னங்க? நான் முப்பது வருஷமாப் பாக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

மேடு முழுவதும் சிரித்தது. சிரிப்பு வந்தால் மூச்சு விடுகிறோம். மூச்சு விட்டதும் பயம் கொஞ்சம் வழிவிட்டது. கழற்ற வேண்டுமென்றால் கைகளை மேலே தூக்க வேண்டும். தூக்கினால் மூழ்க வேண்டும். மூழ்கினேன். உள்ளே எல்லாம் சிவப்பு. சத்தமில்லை. துணி தலைவழி போனது. மேலே வந்தபோது உடம்பு லேசு. டி-ஷர்ட் தனியாக என் பின்னால் மிதந்தது.

எதிர்க் கல்லில் பையர் காத்திருந்தார். ஏன் காத்திருக்கிறீர்கள் என்று கேட்க மூச்சில்லை. இருவரும் சேர்ந்து திரும்பினோம். டியூப் வேண்டியிருக்கவில்லை.

பிறகு சைக்கிள், காங்கேயம் வரை போய்த் திரும்பல். இட்டேரியில் ஓட்டம், முள் வேலிக்கு நடுவே நான் மட்டும், எதிரே ஆடுகள். முடிக்கும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பையர் மட்டும் நாற்காலியில். எழுந்து நின்று கை தட்டினார்.

எங்கள் பிரிவில் இரண்டாமிடம். எவர்சில்வர் டம்ளர்.

கமலம்: "ரெண்டு பேருல ரெண்டாவது. கேக்கறவங்ககிட்ட ரெண்டாவதுன்னு மட்டும் சொல்லுங்க."

நெஞ்சும் வயிறும் ரோஸ். சோப்புக்குப் போகவில்லை.

பிப். 28, செவ்வாய்

லேசான மேகம். தோட்டத்துக்குப் போனேன். கிணற்றை அடி தெரிய இறைத்து, விதைக்காத காட்டுப் பக்கம் விட்டிருக்கிறார்கள். ஊற்று சுரக்கிறது, தெளிவாக. விதி எழுதியவன் என்ற முறையில் மன்னிப்புக் கேட்டேன். நிறைய வார்த்தைகள் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். பழனியப்பன் பாதியில் நிறுத்தினார். "உடுங்க சாமி. தண்ணி ஏறட்டும். நீங்களும் அம்மிணியும் வாங்க. கம்பெனி வேண்டாம்."

மு. அடுத்த வருடம் பாலியஸ்டரில் தைக்கலாம் என்கிறார். போட்டோக்கள் வந்தன. என்னுடையதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். வெறும் உடம்பு. கழற்றச் சொல்லலாமா என்று நாலு தடவை அந்தப் பக்கம் நடந்தேன். சொல்லவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. காது இரண்டும் திறந்தன.

கிணற்றில் தண்ணீர் பாதிக்கு மேல். போட்டி இல்லை, பையர் இல்லை, யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கமலம் முன்னாலேயே இறங்கிவிட்டாள். நான் படியில். கல்லைப் பிடித்த கை கல்லை விடவில்லை. முதல் நாள் எப்படியோ அப்படியே. இத்தனை வாரம் பழகியும் பயம் ஒரு துளி குறையவில்லை.

"சாமியாராட்ட நிக்கறீங்க. வாரீங்களா, நான் போகட்டுங்களா?"

"வாரேன், இரு" என்றேன். போனேன்.

பிப். 4-இல் எழுதிய 2-ஆம் குறிப்பு தவறு.