மழைக்கு யாரும் முட்டை கொண்டுபோவதில்லை

பிப்ரவரி 3, செவ்வாய்

எங்கள் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்துவிட்டார். இந்த சீசனில் மூன்றாவது. முதலாமவர் தாக்கி ஆடு என்றார், தோற்றோம். இரண்டாமவர் தடுத்து ஆடு என்றார், கொஞ்சம் மெதுவாகத் தோற்றோம். இவர் மடிக்கணினி கொண்டுவந்திருக்கிறார்.

சலவை அறைக்குக்கூட வந்தார். என் கை முழுக்க சோப்பு நுரை. "உன் பேர் என்னம்மா?" என்றார். சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன். "என்ன?" என்றார் மறுபடி.

மருஷா சித்தி இயந்திரத்துக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தாள். "சபேலா. பேச மாட்டா சார். ஆனா காது ரொம்ப நல்லா கேக்கும், பாத்துப் பேசுங்க."

"நம்ம பையன்களுக்கு அப்படியே நேர்மாறு," என்றார் வாசலில் நின்ற தூச்சோ மாமா. பூட்ஸ், பந்து, ஜெர்ஸி எல்லாம் இவர் பொறுப்பு. முப்பது வருடமாக மைதானத்துக்குள் அவர் சுத்தமாகக் கொண்டுபோவது, சலவை அறைக்கு அழுக்காகத் திரும்பி வருகிறது.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. மடிக்கணினியில் அதற்கு இடம் இருக்காது.

பிப்ரவரி 8, ஞாயிறு

மழை. இரண்டு–பூஜ்யம். ஜெயித்தோம்!

எங்கள் ஊர் அர்னேலாஸில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்: எங்கள் அணி சேற்றில் மட்டும்தான் ஜெயிக்கும். காய்ந்த புல்லில் பந்து எங்களைவிட வேகமாக ஓடுகிறது. சேற்றில் எல்லோரும் விழுகிறார்கள். விழுவதில் எங்களுக்கு அனுபவம் அதிகம்.

நான் ஆட்டம் பார்ப்பதில்லை. ஆறாயிரம் பேர் நடுவில் உட்காருவதற்கு ஈரச் சாக்ஸ் குவியலில் உட்காருவது மேல். பார்க்கத் தேவையும் இல்லை, ஜெர்ஸிகள் வந்து சொல்லிவிடும். கேப்டன் சட்டையில் இடது பக்கம் முழுக்கச் சேறு. நான்காம் எண் சட்டையில் அடுத்தவன் பூட்ஸ் அச்சு. ஒன்பதாம் எண் – ஆயித்தோர், எங்கள் கோல் போடும் நட்சத்திரம், கோடையில் வாங்கிவந்தபோது ஊரே விமான நிலையத்துக்குப் போனது – அவன் சட்டை மட்டும் இஸ்திரி மடிப்போடு வந்தது. கொட்டுகிற மழையில்!

"இவன் ஆடினானா, குடை பிடிச்சுக்கிட்டு நின்னானா?" என்றாள் சித்தி.

பிப்ரவரி 22, ஞாயிறு

தெற்கே போய் ஆடினார்கள். வெயில். நான்கு–பூஜ்யம், தோல்வி. ஜெர்ஸிகள் நாங்கள் போட்ட சோப்பு மணக்க மணக்கத் திரும்பின.

மார்ச் 16, திங்கள்

இன்று அலுவலகத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் சலவை அறையை மூடிவிடுவார்களாம். வீகோ நகரத்திலிருந்து ஒரு கம்பெனி வண்டி வந்து துணியை அள்ளிக்கொண்டு போகுமாம். மிக மரியாதையாகச் சொன்னார். "குடும்பம் மாதிரி நாம" என்றும் சொன்னார். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் இவ்வளவு சிரித்துக்கொண்டு துரத்தியதில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். மீன் ஏலத்திலிருந்து வந்த களைப்பில் இருந்தார்.

"அதனால என்ன? பெர்மீன் மாமா பார்ல ஆள் கேக்குறான். நல்ல வேலைடீ. சிரிச்சுப் பேசணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் குரல் வெளியே வரவில்லை, அதனால்தான் பதினாறில் பள்ளியை விட்டேன். இப்போது பதினேழு. இந்த ஊரில் நான் வாயைத் திறக்காமல் மதிப்பாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, அதில் மூன்று வாஷிங் மெஷின் இருக்கிறது. என் இடத்தைக் காப்பாற்றும் பொறுப்பை யாரிடம் கொடுத்திருக்கிறார்கள்? ஆயித்தோரிடம்!

ஏப்ரல் 12, ஞாயிறு

வெயில். தோல்வி. கிளப் தலைவர் தோன் எலிசார்தோ வானொலியில் சொன்னார்: "அணி உயிரோட இருக்கு." தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் சொல்வதுபோலவே இருந்தது. மட்டிச் சிப்பியை டின்னில் அடைத்து விற்றுப் பணக்காரர் ஆனவர். மூடிவைத்தே விற்றுப் பழக்கம்.

மே 10, ஞாயிறு

மழை! ஒன்று–பூஜ்யம். கோல் போட்டது ஆயித்தோர். அதாவது அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தபோது பந்து அவன் பிடரியில் பட்டு உள்ளே போனது. சட்டை சுத்தம். கழுத்துப்பட்டையில் மட்டும் பந்து அளவுக்கு ஒரு கறை. அதைத் துவைக்க மனசே வரவில்லை.

மே 24, ஞாயிறு

தோற்றோம். ஆனால் மற்றவர்களும் தோற்றதால் இன்னும் மூழ்கவில்லை. அடுத்த ஞாயிறு சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே போதும். வருகிறவர்கள் தெற்கே வறண்ட அல்மேரியா பக்கத்து அணி, மழையைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். வானிலை அறிக்கை: வாரம் முழுக்க மழை.

தூச்சோ மாமா சேற்றில் ஊன்றி நிற்க அடியில் நீள ஸ்டட் முளை வைத்த பூட்ஸை எல்லாம் எடுத்து முத்தம் கொடுத்து வரிசையாக வைத்தார். எனக்குக்கூடக் கொஞ்சம் நம்பிக்கை. கொஞ்சம்தான்.

மே 28, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

காலையில் தோன் எலிசார்தோ சலவை அறைக்கே வந்தார், கையில் மூன்று டஜன் முட்டையோடு. "யாராவது ஒரு ஆள் கிளாரா மடத்துக்குப் போங்க. ஞாயித்துக்கிழமை மழை வரக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்துட்டு வாங்க."

சித்தி வாயைப் பிளந்தாள். "மழை வரக்கூடாதா?"

"ஆறாயிரம் அட்டை அடுக்கியிருக்கோம்மா! தூக்கிப் பிடிச்சா கிளப் சின்னம் மைதானம் முழுக்கத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க கையால பெயின்ட் அடிச்சது. டிவிக்காரன் வர்றான். நனைஞ்சா என்ன ஆகும்?"

"ஜெயிப்போம்," என்றார் தூச்சோ மாமா.

தலைவருக்கு அது காதில் விழவில்லை. இந்த ஊரில் கல்யாணமோ திருவிழாவோ எதுவானாலும் கன்னியாஸ்திரீகள் மடத்துக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுத்து, மழை வராமலிருக்க வேண்டச் சொல்லி, வானத்தை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. பெரிய நாள் என்றால் வெயில். அதைத் தாண்டி யோசிக்க இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சித்தி என்னை ஓரமாக இழுத்தாள். "நீ போ. அங்க போய் மழைன்னு கேளு. அவன் முட்டை, நம்ம வேண்டுதல். புரியுதா? ஒரே ஒரு வார்த்தைடீ."

ஒரே ஒரு வார்த்தை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மழை. மழை. மழை. தபால்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தெருவின் மறுபக்கம் போனார்.

மடத்துச் சுவரில் சுழலும் மரப் பெட்டி. மணி அடித்தால் அந்தப் பக்கம் ஒரு குரல், முகம் தெரியாது. எனக்காகவே செய்ததுபோல் ஒரு ஏற்பாடு. இங்கே பேச முடியவில்லை என்றால் வேறு எங்கே முடியும்?

"மாசற்ற மரியே வாழ்க," என்றது குரல். வயதான, அவசரமான குரல்.

ஏதோ முணுமுணுத்தேன். முட்டைகளை வைத்தேன். பெட்டி சுழன்றது.

"ஞாயித்துக்கிழமைக்குத்தானே? புட்பாலுக்கு?"

"ம்."

"திங்கக்கிழமையிலேருந்து இதேதான். வைக்க இடமில்ல. மழை வேண்டாம், அதுதானே மகளே?"

வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை நாக்கின் நுனியில் நின்றது. சத்தியமாக நின்றது. பின்னால் ஒரு அம்மாள் அட்டைப் பெட்டியோடு காத்திருந்தாள், அவளும் முட்டைதான்.

"ம்," என்றேன்.

"சரி. போயிட்டு வா. நல்ல வெயிலா கேக்குறோம்."

சித்தி கேட்டாள்: "சொன்னியா?" தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மே 30, சனி

கொட்டுகிறது. கடவுளுக்கு முட்டை பிடிக்காது போல. நல்லது.

மே 31, ஞாயிறு

காலையில் ஜன்னலைத் திறந்தால் நீலம். ஒரு மேகம் இல்லை. இந்த வருடத்திலேயே இல்லாத நீலம். பக்கத்து வீட்டார் போர்வையைக் காயப்போட்டார்கள். ஆட்டத்துக்குள் போர்வையும் மைதானமும் காய்ந்துவிட்டன.

இன்று முதல் முறையாக ஆட்டம் பார்த்தேன், சலவை அறை ஜன்னல் வழியாக. ஆறாயிரம் அட்டையும் ஒரே நேரத்தில் எழுந்தன. சின்னம் அவ்வளவு அழகு, ஒரு ஓரம்கூட நனையவில்லை. தோன் எலிசார்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருபதாவது நிமிடம், அவர்களுக்கு ஒரு கோல். அவர்கள் ஆள் பந்தோடு ஓடினான், எங்கள் நான்காம் எண் பழக்கத்தில் சறுக்கி விழப் பார்த்தான். காய்ந்த புல் அவனைச் சறுக்க விடவில்லை. முட்டியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று. கூட்டம் சூரியகாந்தி விதை கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. கடைசிப் பத்து நிமிடம் யாரும் வையவில்லை. அது வசவைவிட மோசம்.

விசில். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு மூன்றாம் பிரிவு.

ஜெர்ஸிகள் வந்தன. கேப்டனுடையதில் சேறு இல்லை, முன்பக்கம் மட்டும் ஈரம். முகம் துடைத்திருக்கிறான். ஆயித்தோருடையது – எழுதவும் வேண்டுமா?

சித்தி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை என்னால முடியலையே. என்ன ஜென்மம் நான்? தொண்டைக்குள்ள என்னதான் இருக்கு?

ஜூன் 2, செவ்வாய்

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். மழை கேட்கப் போனதை, கேட்காமல் வந்ததை. தட்டைப் பார்த்துக்கொண்டேதான்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நானும் அரை டஜன் குடுத்தேன்," என்றார்.

"நீங்களா?"

"பெரிய நாளாச்சேன்னு... பழக்கதோஷம்டீ. பெர்மீன் ஒரு டஜன் குடுத்தானாம். வீட்டுக்கு வர்ற வழியிலதான் ரெண்டு பேருக்கும் உறைச்சது."

பிறகு ஒவ்வொருவராகத் தெரியவந்தது. மீன் ஏலக்காரர்கள், தபால்காரர், தூச்சோ மாமாவின் மனைவி, கேப்டனின் அம்மா! இருபத்தைந்து வருடம் இரண்டாம் பிரிவில் நின்ற அணியை ஊரே கூடி, ஆளுக்கு அரை டஜன் போட்டு, பக்தியோடு மூழ்கடித்திருக்கிறது. என் பங்கு அதில் ஒரு "ம்".

அப்பா சிரித்தார். நானும். அழுதோமா என்று கேட்டால், அதுவும்தான்.

ஜூன் 19, வெள்ளி

தோன் எலிசார்தோ உடல்நலக் காரணங்களால் விலகிவிட்டார். மூன்று பயிற்சியாளர்களும், வந்த வரிசையிலேயே, வேறு வேலை தேடிக்கொண்டார்கள். கேப்டன் போய்விட்டான். தூச்சோ மாமாவும் ஓய்வு வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகிறார். ஆயித்தோர் மட்டும் இருக்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை.

டை கட்டியவர் வரவில்லை. வீகோ வண்டியும் வரவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

புதிய நிர்வாகம்: ரொட்டிக் கடை நடத்தும் ஓபியா அக்கா. கூட்டத்தை ரொட்டிக் கடையிலேயே வைத்தாள்.

"சலவை அறையை மூடல, வீகோ கம்பெனிக்குக் குடுக்கக் காசில்ல. ஆனா தூச்சோ இடத்துக்குத் தனியா ஆள் போட முடியாது. துவைக்கிறவங்களே மைதானத்துக்கும் வரணும். பூட்ஸ், பந்து, ஜெர்ஸி, எல்லாம். மருஷா?"

"என் முழங்காலைப் பாத்துட்டுப் பேசு," என்றாள் சித்தி. "சபேலா போவா."

நானா? கோட்டோரம், ஆறாயிரம் பேர் முன்னால், இருபது தடியன்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டா?

"இல்லேன்னா வேற ஆளைப் பாக்கட்டுமா?" என்றாள் ஓபியா அக்கா. கெட்ட எண்ணத்தில் இல்லை, உண்மையாகவே கேட்டாள். "நாளைக்குள்ள சொல்லு. ஆனா வாயால சொல்லு, தலையாட்டினா எனக்குப் புரியாது."

ஜூலை 15, புதன்

சொன்னேன். "என்ன?" என்றாள். இன்னொரு முறை சொன்னேன்.

செப்டம்பர் 4, வெள்ளி

மூன்று வாரமாக வெயில். ஞாயிறன்று மூன்றாம் பிரிவில் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம்.

வேலை முடிந்து, என் காசில் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போனேன். பின்னால் யாரும் இல்லை. இறங்கிப்போன அணிக்கு யார் முட்டை செலவு செய்வார்கள்?

"மாசற்ற மரியே வாழ்க. ஞாயித்துக்கிழமைக்கா? மழை வேண்டாம், அதுதானே?"

"வேணும்."

பெட்டி பாதியில் நின்றது. "என்ன வேணும்?"

"மழை." என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இவ்வளவு பெரிதாக இருக்குமென்று எனக்குத் தெரியாது. "மழை வேணும் மதர். நல்லா, சேறாகுற மாதிரி."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"நாப்பது வருஷமா இங்க உக்காந்திருக்கேன். இப்படிக் கேட்டது நீ ஒருத்திதான். உனக்கு ஏதும் உடம்புக்கு முடியலையா மகளே?"

"இல்ல மதர். அர்னேலாஸ் அணி."

"ஓ," என்றது குரல், மிகவும் பரிதாபமாக. "முட்டையை நீயே எடுத்துட்டுப் போம்மா. கேட்டுப் பாக்குறேன்."

செப்டம்பர் 6, ஞாயிறு

தூறல். மழை என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஆயித்தோர் காய்ந்த புல்லுக்கான குட்டை ஸ்டட் பூட்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். கோட்டோரம் நின்று, "டேய் ஆயித்தோர்! வந்து பூட்ஸை மாத்துடா!" என்று கத்தினேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்தான். வந்தான். மாற்றினான்.

சமன், ஒன்று–ஒன்று. கிளாரா மடத்தில் முட்டையே வாங்காமல் பாதி வேலை செய்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது.

ஒன்பதாம் எண் சட்டையை இரண்டு முறை துவைத்துவிட்டேன். தோளிலிருந்து இடுப்புவரை சேறு, போகவே மாட்டேன் என்கிறது. மூன்றாவது முறை ஊற வைத்திருக்கிறேன்.