செம்பருத்திக்கு ஓடிய ஆமை

அம்மணி,

முப்பத்தைந்து வருஷம் ரயில் ஓட்டியவன் சொல்கிறேன்: இன்று காலை நம் ஆமை என்னை முந்திக்கொண்டு ஓடியது. கூடத்து மூலையிலிருந்து பால்கனி வரை மூன்றே எட்டு. அது கிளப்பிய காற்றில் செய்தித்தாள் பறந்தது.

நீ நம்ப மாட்டாய். "நாலு நாளா வாயே திறக்கல. இன்னிக்கும் சாப்பிடலன்னா உங்க தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று நேற்று சொன்னவள் ஆயிற்றே. முட்டைக்கோஸை முகர்ந்துகூடப் பார்க்காத மகராசன், செம்பருத்தியைக் கண்டதும் கிளம்பிவிட்டான்.

நான் பல் டாக்டரிடம் போகிறேன். ஈரத்துணியில் இன்னும் இரண்டு பூவும் கொஞ்சம் இலையும் இருக்கின்றன. நீ வந்ததும் கழுவிக் கொடு. கடைப் பூ வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். நீ ஜாடியில் வைத்த அரளியை அலமாரி உச்சிக்கு ஏற்றிவிட்டேன். ஓர் இதழ் கீழே உதிர்ந்தாலும் அவனுக்கு விஷம்.

பி.கு.: உன் செடியில் பூ குறைந்திருக்கும். காற்று பலம்.

இன்னொன்று: காற்று இல்லை, நான்தான். ஏழு பூ.

அதற்கும் கீழே, மனைவியின் கையெழுத்தில்:

துணியப் பிரிக்கறதுக்குள்ள என் கால் நகத்துச் சிவப்புச் சாயத்தப் பார்த்துட்டான். சமையலறை வரைக்கும் துரத்தினான். நாற்காலி மேல நின்னுதான் எழுதறேன். தங்கச்சிக்குப் போன் பண்ண வேண்டாம். வந்து இதப் படிச்சதும் பூவக் கொடுத்து என்னை இறக்கி விடுங்க. ஓடினான், ஒத்துக்கறேன்.