முந்நூற்றுப் பதினொரு லீவ் லெட்டர்கள்

மார்ச் 2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நலம். உன் அக்காவின் இடுப்பு எலும்பு எந்த மட்டில் இருக்கிறது என்று எழுது. பதினைந்து நாள் என்று சொல்லிவிட்டுப் போனாய். நாளையோடு நூற்றுப் பதினேழு நாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

போனில் பேச வேண்டாம், கடிதம் எழுதுங்கள் என்றாய். "போன்ல நீங்க பேசுறது அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கு. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வைக்கிறேன். அவ்வளவுதான்" என்றாய். யோசித்துப் பார்த்தேன். அவ்வளவுதான் பேசியிருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம்.

முக்கியமான செய்தி ஒன்று. கிளம்பும்போது பின்னறை அலமாரியைக் காட்டி, "நான் திரும்பி வர்றப்ப ஒண்ணு இந்தக் குப்பை இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாய் அல்லவா? எட்டாம் வகுப்புப் பையன்கள் முப்பத்து நான்கு வருடமாக என்னிடம் கொடுத்த லீவ் லெட்டர்களைத்தான் சொன்னாய். எல்லாவற்றையுமா வைத்திருக்கிறேன்? பொறுக்கியெடுத்த முந்நூற்றுப் பதினொன்று மட்டும்தான். அவற்றைக் காப்பாற்றவும் உன் பேச்சைக் கேட்கவும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். நம் பெரியவள் சொல்லிக் கொடுத்தபடி இலவச வலைப்பூ ஒன்று தொடங்கியிருக்கிறேன்.

வலைப்பூ என்றால் என்னவென்று ஒரு உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையைத் தூக்கித் தெருப்பக்கம் திருப்பி வைத்ததாக நினைத்துக்கொள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் படிக்கலாம். பலகைக்கு வாடகை கிடையாது. பதிலுக்கு ஓரத்தில் அவர்கள் விளம்பரம் ஒட்டிக்கொள்வார்கள். ஒரு பையனின் வயிற்றுப்போக்குக் கடிதத்துக்குப் பக்கத்தில் 'அளவில்லாமல் சாப்பிடலாம்' என்று ஒரு ஹோட்டல் விளம்பரம் வந்து நிற்கிறது. எடுக்க முடியவில்லை.

ஒவ்வொரு கடிதத்தையும் படம் பிடித்து, பையனின் பெயர் மேல் கறுப்புத்தாள் ஒட்டி மறைத்து, கொடுத்த தேதியும் நான் அன்று போட்ட மதிப்பெண்ணும் எழுதிப் போடுகிறேன். ஒரே வருடத்தில் ஒரே தாய்மாமாவுக்கு நான்கு கல்யாணம் செய்து வைத்தவன் கடிதம்தான் முதலில். எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும் காகிதங்களை எடைக்குப் போட்டுவிடலாம்.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இந்த வாரம் பால் மூன்று முறைதான் பொங்கி வழிந்தது.

உன் வாத்தியார்

*

மார்ச் 8

அன்புள்ள வாத்தியாருக்கு,

அக்கா வாக்கர் பிடித்துச் சமையலறை வரை வருகிறாள். வந்து, நான் சமைப்பதில் குறை சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறாள். அதைப் பார்த்தால் எலும்பு நன்றாகக் கூடிவிட்ட மாதிரிதான் தெரிகிறது.

உங்கள் வலைப்பூவைப் போனில் பார்த்தேன். பின்னால் எதற்குத் தென்னை மரமும் கடலும்? அம்மை வந்த பையனின் கடிதம் அலையில் மிதக்கிறது. இலவசமாகக் கொடுத்தார்கள் என்பதற்காகக் கடலையெல்லாம் வாங்கிக்கொள்வீர்களா?

எடைக்குப் போடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாக மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, கடிதங்களை உறைபோட்டு அடுக்கியிருக்கிறீர்கள் என்று பெரியவள் சொன்னாள். எடைக்குப் போடுகிற காகிதத்துக்கு யாராவது உறை போடுவார்களா?

இன்னொன்று கேட்க வேண்டும். சும்மாதான் கேட்கிறேன். நல்ல கடிதங்களுக்கெல்லாம் பத்துக்கு ஒன்பது போட்டு, 'ஓரத்தில் இடம் விடவில்லை' என்று ஒரு மதிப்பெண் பிடித்திருக்கிறீர்கள். நோட்டிலிருந்து பாதித் தாளைக் கிழித்து அவசரத்தில் எழுதுகிறவர்களுக்கு ஓரம் எங்கிருந்து வரும்? அந்த ஒரு மதிப்பெண்ணை மிச்சம் பிடித்து என்ன செய்தீர்கள்?

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட லீவ் போடாத மனிதர் ஊரார் லீவ் லெட்டரைச் சேர்த்து வைத்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. லீவே எடுக்காததற்காக ரிடையர் ஆகும்போது கொடுத்தார்களே ஒரு சுவர்க்கடிகாரம், அது பத்து நிமிடம் பின்தங்கி ஓடும். பேட்டரி மாற்றுங்கள்.

நான் எப்போது வருவேன் என்று நீங்கள் கேட்கவில்லை. அதனால் நானும் எழுதவில்லை.

உங்கள் வீட்டுக்காரி

*

மார்ச் 15

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

பேட்டரி மாற்றிவிட்டேன். இப்போது பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது.

ஓரம் பற்றிக் கேட்டாய். ஓரம் என்பது திருத்துகிறவனின் இடம். பேசும்போது நடுவில் மூச்சு விடுகிறோமே, எதற்கு? எதிரில் இருப்பவரும் ஒரு வார்த்தை பேசத்தான். அதுபோலத்தான் ஓரமும். நெருக்கி எழுதிவிட்டால் நான் சிவப்பு மையை எங்கே வைப்பது? பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றி நீ கேட்டதற்கு அடுத்த வாரம் பதில் எழுதுகிறேன்.

வலைப்பூவை இதுவரை அறுபத்து நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் ஐம்பத்தெட்டு முறை பார்த்தது நான்தான் என்கிறாள் பெரியவள். நாம் பார்ப்பதையும் அது எண்ணிக்கொள்ளுமாம். மிச்சம் ஆறு பேர். ஒரு வகுப்பு தொடங்க ஆறு பேர் போதும்.

இந்த வாரம் 'மூன்று தாய்மார்கள்' என்று ஒரு கட்டுரை எழுதிப் போட்டேன். இத்தனை வருடக் கடிதங்களில் மூன்று கையெழுத்துகள் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒருவர் இடப்பக்கம் சாய்த்து எழுதுவார். ஒருவர் முத்துமுத்தாக எழுதுவார். இன்னொருவர் எழுத்தில் எப்போதும் எண்ணெய்க்கறை இருக்கும். கடிதத்துக்குக் கடிதம் பையனின் பெயர் மாறுகிறது, மூவருக்கும் நிறையப் பிள்ளைகள் போலிருக்கிறது. 'என் மகனுக்குக் காய்ச்சல் குறைந்துவிட்டது, ஆனால் பயம் குறையவில்லை, இன்னும் ஒரு நாள் தாருங்கள்' என்று எண்ணெய்க்கறைத் தாய் எழுதியிருக்கிறார். அதற்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்க வேண்டும். இவை அசல் என்பதற்கு நான் பொறுப்பு என்று கட்டுரையின் அடியில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

புதிதாக நகைச்சுவைப் பிரிவும் திறந்திருக்கிறேன். எண் 203ஐக் கட்டாயம் பார். வருகைப் பதிவேட்டுக்குள் யாரோ ஒரு போக்கிரி வைத்துவிட்டுப் போனது. இப்படி இருக்கும்:

'ஐயா, தங்கள் வகுப்பின் ஆசிரியருக்கு வரும் வியாழக்கிழமை வீட்டில் அவசிய வேலை இருப்பதால், அன்று ஒரு நாள் மட்டும் அவருக்கு விடுமுறை அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, பாதுகாவலர்.'

வாத்தியார் இல்லாத வியாழக்கிழமை வேண்டுமாம் பையனுக்கு. அன்றே வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கூரை பறக்கச் சிரித்தார்கள். 'நல்ல கற்பனை' என்று சிவப்பு மையில் எழுதி, ஆகஸ்ட் 17 என்று தேதி போட்டு வைத்திருக்கிறேன். எழுதியவன் இன்று எங்கிருந்தாலும் முன்வந்து பரிசைப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்திருக்கிறேன்.

உன் வாத்தியார்

*

மார்ச் 26

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

பதினோரு நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபாலில் தாமதமாக இருக்கலாம். உன் அக்காவுக்கு ஏதாவது தொந்தரவா? பெரியவளைக் கேட்டால், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, நீங்களே கேளுங்கப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் வலைப்பூவில் ஒரு கலவரம். 'மூன்று தாய்மார்கள்' கட்டுரைக்குக் கீழே ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். பழைய மாணவன், இப்போது பல் டாக்டராம். அப்படியே எழுதுகிறேன்:

'சார், அந்தக் காய்ச்சல் கடிதம் என்னுடையது. ஆனால் என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் இல்லாமல் வந்தால் நீங்கள் வாசலில் நிற்க வைப்பீர்கள் என்று பயந்து ஒரு வீட்டில் எழுதி வாங்கி வந்தோம். எந்த வீடு என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பின்வாசலில் விசாரிக்கவும்.'

அதற்குக் கீழே மேலும் ஒன்பது பேர் வந்து, 'நானும்' 'நானும்' என்று கை தூக்கியிருக்கிறார்கள். ஒருவன் 'பூண்டு வாசனை இன்னும் கையில் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பின்வாசலில் போய் நின்று பார்த்தேன். அங்கே விசாரிக்க யாரும் இல்லை. நீதான் எழுத வேண்டும்.

உன் வாத்தியார்

*

மார்ச் 30

அன்புள்ள வாத்தியாருக்கு,

விசாரணைக்கு ஆஜராகிறேன்.

மூன்று தாய்மார்களும் நான்தான். வலது கையால் எழுதினால் முத்துமுத்து. இடது கையால் எழுதினால் சாய்வு. அடுப்பில் வேலையாக இருக்கும்போது வந்து நின்றால் எண்ணெய்க்கறை. உங்கள் முந்நூற்றுப் பதினொன்றில் எண்பத்தாறு என்னுடையவை. போனில் பெரிதுபண்ணிப் பார்த்து எண்ணினேன். அசல் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், போய் அழித்துவிடுங்கள்.

முதலில் வந்தது அந்தப் பல் டாக்டரின் அம்மாதான். நல்ல மழை. பையனைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பின்வாசலில் நின்றாள். "உடம்பு சரியில்லாததுக்கு ஒரு நாள் முடிஞ்சுது வாத்தியாரம்மா, லெட்டர் இல்லாததுக்கு இன்னொரு நாள் கிளாசுக்கு வெளியில நிப்பானே" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அப்புறம் எப்படியோ தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, உங்களைத் தவிர. சும்மா எழுதித் தரமாட்டேன். ஒரு கடிதத்துக்கு ஒரு கிண்ணம் பூண்டு உரிக்க வேண்டும், பொய்க் காரணத்துக்கு இரண்டு கிண்ணம். தாய்மாமாவுக்கு நாலு கல்யாணம் செய்தவன் எட்டுக் கிண்ணம் உரித்தான். நம் வீட்டில் பூண்டு எப்போதும் உரித்தே இருக்கிறதே என்று நீங்கள் ஒரு நாளாவது கேட்டீர்களா?

இது வரைக்கும் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

எண் 203ம் என்னுடையது. எண்பத்தேழாவது.

ஆகஸ்ட் 19, வியாழக்கிழமை. அன்று எனக்கு என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கட்டியை எடுத்தார்கள். முந்தின வாரமே வாயால் கேட்டேன், கூட இருங்கள் என்று. "பரீட்சை நேரம். காலைல கொண்டுவந்து விட்டுடுறேன், நாலரைக்கு மணி அடிச்சதும் ஓடி வந்துடுறேன்" என்றீர்கள். கடிதம் இல்லாமல் நீங்கள் யாருக்கும் லீவ் தருவதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் கடிதமாகக் கேட்டுப் பதிவேட்டுக்குள் வைத்தேன். கையெழுத்தைப் பார்த்தாவது புரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வகுப்பில் படித்துக் காட்டிச் சிரித்தது, இருபத்தாறு வருடம் கழித்து, தென்னை மரத்துக்கு நடுவில் பார்த்துத்தான் தெரிந்தது.

அன்று காலை முதல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அக்கா. அவள் வேலை செய்த கடையில் லீவ் கேட்டாள், தரவில்லை, அப்படியும் வந்தாள். இப்போது அவள் படுத்திருக்கும்போது பதினைந்து நாள் என்றும் இருபது நாள் என்றும் எண்ண எனக்கு மனம் வரவில்லை.

பரிசை அறிவித்திருக்கிறீர்கள். முன்வந்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி

*

ஏப்ரல் 5

அனுப்புநர்: வீட்டுக்காரர்
பெறுநர்: வீட்டுக்காரி

மதிப்பிற்குரிய அம்மா,

ஆகஸ்ட் 19, வியாழக்கிழமை அன்று, காலை ஏழு மணி முதல் மாலை நாலரை மணி வரை நான் தங்கள் அருகில் வரவில்லை. அதற்கான காரணம் பின்வருமாறு:

இந்த இடத்தில் ஐந்து நாளாக நிற்கிறேன். முந்நூற்றுப் பதினொரு காரணங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தேன். காய்ச்சல், அம்மை, மழை, மாமா கல்யாணம், செருப்புத் தொலைந்தது, கன்றுக்குட்டி அவிழ்ந்து ஓடியது. எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. பரீட்சை என்று சொன்னேன். பதிவேட்டை எடுத்துப் பார்த்தாலும் தெரியும், பரீட்சை தொடங்கியது அடுத்த திங்கட்கிழமை. லீவே போடாதவன் என்ற பெயர் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறேன். ஒரு சுவர்க்கடிகாரத்துக்காக நினைத்திருக்கிறேன். அது இப்போது பதினைந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. கழற்றி வைத்துவிட்டேன்.

ஆகவே காரணம் இல்லை. காரணம் இல்லாத கடிதத்தை நான் யாரிடமும் வாங்கியதில்லை. தாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எண் 203ஐ நகைச்சுவைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டேன். வலைப்பூவில் வேறெங்கும் போடவில்லை. அது இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. அசல் என்ற சான்றிதழை அழிக்கவில்லை. எழுதியவர் யார் என்று தெரிந்த பிறகுதான் அவை அசலாயின.

மேலும், வரும் சனிக்கிழமை முதல், தங்கள் அக்கா வாக்கர் இல்லாமல் நடக்கும் நாள் வரை, இந்த வீட்டிலிருந்தும் வலைப்பூவிலிருந்தும் எனக்கு விடுப்பு வேண்டும். அந்த நாட்களை அங்கே வந்து கழிக்க அனுமதி கேட்கிறேன். பாத்திரம் தேய்ப்பேன். பால் மட்டும் என்னை நம்பிக் கொடுக்க வேண்டாம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
வாத்தியார்

*

ஏப்ரல் 9

(அதே தாளின் பின்பக்கத்தில், சிவப்பு மையில்)

பத்துக்கு ஒன்பது. ஓரத்தில் இடம் விடவில்லை. நான் எங்கே எழுதுவது?

கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "இருபத்தாறு வருஷம் லேட்டுன்னாலும் லெட்டர் கொண்டு வர்றாரே, உள்ள விடு" என்கிறாள்.

சனிக்கிழமை வரலாம். வாசலில் நிற்க வேண்டாம், நேராகப் பின்வாசலுக்கு வாருங்கள். காரணம் இல்லாத கடிதத்துக்கு மூன்று கிண்ணம். பூண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.